தோல்கன்று

செங்கரட்டுப் பால்பண்ணையில் முப்பது வருஷமாக மாடு கறக்கும் ரங்காத்தாளுக்கு இழைக்கப்பட்ட அநியாயம் இதுதான்: அவளுடைய ஒரே மகள் கோகிலவாணி, பண்ணையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தவள், இருபத்திரண்டு வயதுக்காரி, ஒரு திங்கட்கிழமை காலை பண்ணையின் ஊறுகாய்ப்புல் குழிக்குள் இறங்கி மூச்சடைத்துச் செத்துப்போனாள், அன்றைக்கு அவள் வேலைக்கே வரவில்லை என்று பண்ணை சொல்லிவிட்டது.

செத்ததல்லவா பெரிய அநியாயம் என்று கேட்பீர்கள். கேளுங்கள், நியாயமான கேள்விதான். ஆனால் சாவு ரங்காத்தாளுக்குத் தெரிந்த விஷயம். புருஷனைப் பாம்புக்கும் அதற்கு முன்னால் ஒரு கைப்பிள்ளையைக் காய்ச்சலுக்கும் கொடுத்தவள். வேலைக்கு வரவில்லை என்ற அந்த வாக்கியம்தான் அவளுக்குப் புதிது. வேலைக்கு வராதவள் விடுமுறை நாளில் பண்ணைக்குள் எதற்கு வந்தாள், யாரைப் பார்க்க வந்தாள், குழிக்குள் எதற்கு இறங்கினாள் என்று அந்த ஒரு வாக்கியத்திலிருந்து கேள்விகள் குட்டி போட்டுக்கொண்டே போயின, ஒவ்வொரு குட்டிக்கும் ஊரில் யாராவது ஒருத்தர் தண்ணீர் வைத்தார்கள்.

குழியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் பட்டாளத்துக்குப் பாலும் வெண்ணெயும் அனுப்புவதற்காக ஒரு வெள்ளைக்காரத் துரை மலையடிவாரத்தில் இந்தப் பண்ணையை ஏற்படுத்தினபோது, கோடைக்குத் தீவனம் வேண்டுமென்று கருங்கல்லால் கிணறு மாதிரி இருபத்துநாலடி ஆழத்துக்கு அதைக் கட்டினான். பச்சைச் சோளத்தட்டை நறுக்கிக் கொட்டி மிதித்து மூடினால் அது ஊறுகாய் போலப் புளித்து மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கும், மாடுகள் நாக்கைச் சுழற்றிக்கொண்டு தின்னும். துரை போய்விட்டான், குழி இருக்கிறது. இப்போது பண்ணையை நடத்துகிற அறக்கட்டளை பாலையும் விற்கிறது, பழமையையும் விற்கிறது: திங்கட்கிழமை தவிர எந்த நாளும் யாரும் வரலாம், துரை பங்களாவைப் பார்க்கலாம், குதிரை இழுத்த பால்வண்டியில் ஏறிப் படம் பிடித்துக்கொள்ளலாம், கையால் பால் கறப்பதைக் கிட்ட நின்று பார்க்கலாம், ஒரு டம்ளர் மோர் குடிக்கலாம், கடைசியாகக் குழியை எட்டிப் பார்த்து உள்ளே கூவி எதிரொலி கேட்கலாம். புளிக்கிற தட்டு மூச்சை அடைக்கும் காற்றொன்றைக் கக்கும், அது கண்ணுக்குத் தெரியாமல் அடியில் தேங்கி நிற்கும் என்பது பண்ணையில் எல்லாருக்கும் தெரியும். ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்து, அது அணையாமல் இருந்தால்தான் ஆள் இறங்குவது என்பது துரை காலத்திலிருந்து வரும் வழக்கம். அந்தத் திங்கட்கிழமை விளக்கு இறக்க நேரமில்லை. மறுநாள் யாரோ பெரிய மனிதர் குடும்பத்தோடு வருவதாக இருந்தது; மேனேஜர் தனசேகர் காலை ஏழரைக்குப் போன் செய்து, விடுமுறை என்று பார்க்காமல் வந்து குழிச்சுவரில் ஒட்டடை அடித்துவிடு அம்மிணி என்றார்.

அவள் துடைப்பமும் ஏணியுமாகப் போனதைப் பார்த்தவர்கள் பதினோரு பேர். பதினோரு பேரும் பண்ணையின் லைன் வீடுகளில் குடியிருப்பவர்கள். வேலை போனால் வீடும் போகும், வீடு போனால் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் போகும் என்று ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கிற பிழைப்பு. ரங்காத்தாள் அந்நேரம் கொட்டகையில் கறந்துகொண்டிருந்தாள். "ஒட்டடை அடிக்கக் கூப்பட்டாங்கம்மா, வந்து சோறு உங்கறேன்" என்று மகள் வாசலில் நின்று சொல்லிப்போனதை அவள் தன் காதாலேயே கேட்டாள், ஆனால் பெற்றவள் காது சாட்சிக்கு ஆகாதென்று சொல்லிவிட்டார்கள்.

ஆகவே அவள் எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு திரிந்தாள். "எம்பட மக அன்னைக்கு வேலைக்கு வந்தாளா, இல்லையா?"

பக்கத்து மாட்டைக் கறக்கும் பழனாத்தாள், "எனக்கு இப்பல்லாம் கண்ணு அத்தன தெளிவா இல்லீங்கக்கா" என்றாள். தொழிற்சங்கத்து ஆளான குழந்தைசாமி, "கேள்வியோட ஞாயம் எனக்குப் புரியுது, அத இப்பவே கேக்கோணுமாங்கறதுதான் என்ற கேள்வி" என்றான். மேனேஜர் தனசேகர் எழுந்து நின்று, நாற்காலியெல்லாம் போடச் சொல்லி, "பதிவுல இல்லீங்களே அம்மா" என்றார். பஸ் நிறுத்தத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பெண்ணிடம் சொல்லி ரங்காத்தாள் தொழிலாளர் துறைக்கு ஒரு மனு எழுதிப் போட்டாள். அதிலும் அந்த ஒரே கேள்விதான் இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், புதன்கிழமை, ஒன்பதரை மணிக்கு, கோகிலவாணி வழக்கம்போலப் பண்ணை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வழிகாட்டிகளுக்கான பச்சை மேல்சட்டையைப் போட்டிருந்தாள், சின்ன மஞ்சள் கொடியைப் பிடித்திருந்தாள், தலையை வகிடெடுத்து வாரியிருந்தாள். காவலாளி அவளைப் பார்த்து, "வந்துட்டியா அம்மிணி" என்று கேட்டைத் திறந்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. முதல் வேன் வந்தபோது அவள் கொடியை உயர்த்தி, "செங்கரட்டுப் பண்ணை உங்களை அன்புடன் வரவேற்கிறது, தயவுசெய்து கறவை மாடுகளின் பின்புறம் நிற்க வேண்டாம்" என்று ஆரம்பித்தாள்.

அவள் வைக்கோலால் ஆனவள் என்பதை முதலில் கண்டுபிடித்தது ஒரு செவலைக் கிடாரி. கொட்டகையைக் கடந்து போகும்போது அது கழுத்தை நீட்டி அவள் மணிக்கட்டை மோந்து, கைமடிப்பிலிருந்து ஒரு கொத்தை உருவி, நின்று நிதானமாக அசைபோட்டது. கோகிலவாணி கையை இழுத்துக்கொள்ளவில்லை. பார்த்துக்கொண்டிருந்த வேலையாட்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்தார்கள், பிறகு ஒருத்தி வந்து கிடாரியின் கயிற்றைக் குட்டையாகக் கட்டினாள். குழந்தைசாமியும் இன்னும் இரண்டு பேரும் மதியம் சுடுகாட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். புதைத்த மண் புதைத்தபடியே இருந்தது, பால் தெளித்த இடம் வெள்ளையாகக் காய்ந்து எறும்பு மொய்த்திருந்தது. திரும்பி வந்து கால் கழுவி டீக் குடித்துவிட்டு, "அங்கயும் இருக்கறா, இங்கயும் இருக்கறா" என்று குழந்தைசாமி சொன்னான், அதற்குமேல் அதைப் பற்றிச் சங்கத்தில் பேசவில்லை.

இப்படித்தான் செங்கரடு அவளை ஏற்றுக்கொண்டது, ஒரு வாரத்துக்குள், கூடுதலாக ஒரு மாடு வாங்கினால் எப்படி ஏற்றுக்கொள்ளுமோ அப்படி. மழை வந்தால் நனைந்து முளைத்துவிடுவாளே என்று பண்ணை அவளுக்குத் தனியாக ஒரு பெரிய குடை கொடுத்தது, பீடி குடிக்கிறவர்கள் அவளைக் கண்டால் பத்தடி தள்ளிப் போகப் பழகினார்கள், அவள் மாடுகளுக்கு எட்டாமல் நடப்பதற்காகக் கொட்டகைத் தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார்கள். மனித டாக்டரைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று தீர்மானம் ஆகாததால் கால்நடை டாக்டரே வந்து மார்பில் குழாயை வைத்துக் கேட்டு, உள்ளே சருகுச் சத்தம் சீராக இருப்பதாகவும் வேலைக்குத் தகுதியானவர் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாரியம்மன் கோயில் பூசாரி, செத்தவள் வந்தால்தான் பரிகாரம், வேலைக்கு வருகிறவளுக்கு என்ன பரிகாரம் என்று கேட்டார். சுற்றிப் பார்க்க வருகிறவர்களின் கூட்டம் இரட்டிப்பானது. அவளோடு நின்று படம் எடுத்தார்கள், சில பேர் ஞாபகத்துக்கென்று அவள் கைமடிப்பிலிருந்து ஒரு வைக்கோலை உருவிக்கொண்டு போனார்கள். அவள் சோறு கேட்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை, திங்கட்கிழமைகூட வந்து நின்றாள். மற்றவர்களெல்லாம் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டுமென்று மேனேஜர் சொன்னார்.

ஆனால் அவள் வந்ததில் எல்லாரையும்விட நிம்மதி அடைந்தவர்கள் அந்தப் பதினோரு பேர்தான். அவர்கள் முகத்தில் இரண்டு வாரமாக இல்லாத ரத்தம் திரும்பி வந்தது. பழனாத்தாளுக்குக் கண் தெளிந்துவிட்டது. "அதா நிக்கறாளல்லொ, பாருங்கக்கா, நல்லாத்தான் இருக்கறா" என்று தூரத்திலிருந்தே காட்டினாள். "வந்துட்டாள்ல, அப்பறம் எதுக்கு அந்த மனு?" என்று குழந்தைசாமி கேட்டான். மேனேஜர் இன்னும் ஒரு படி மேலே போனார்: தினமும் வேலைக்கு வருகிற ஒரு பெண்ணைச் செத்துவிட்டாள் என்று சொல்வது அந்தப் பெண்ணுக்கே அவமானம் இல்லையா என்றார். எப்படி இருக்கிறது பாருங்கள். உயிரோடு வந்தவளை வரவில்லை என்றவர்கள், செத்தவளை வருகிறாள் என்றார்கள், இரண்டையும் ஒரே வாய் சொன்னது, ஒருத்தரும் அந்த வாயைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ரங்காத்தாளும் கேட்கவில்லை. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

முதல் நாள் மகள் வந்து நிற்கிறாள் என்று யாரோ சொன்னதும், கறந்துகொண்டிருந்த பாலைக் கவிழ்த்துவிட்டு, நுரை காயாத கையோடு வாசலுக்கு ஓடி, அவள் முழங்கையைப் பிடித்தாள். சின்ன வயதில் சோளத்தட்டு அறுத்த தழும்பு அதே இடத்தில் இருந்தது. காதுத் துவாரம், கம்மல் இழுத்துக் கிழிந்த துவாரம், அப்படியே இருந்தது. மேலே இருப்பது மகள்தான் என்று கண்ணுக்குத் தெரிந்த அதே நொடியில், உள்ளே இருப்பது என்ன என்று கைக்குத் தெரிந்துவிட்டது. ஏனென்றால் அந்தப் பண்ணையில் தோல்கன்று கட்டுகிறவளே அவள்தான்.

கன்று செத்துப்போன மாடு பாலை மேலே இழுத்துக்கொள்ளும், காம்பை எத்தனை இழுத்தாலும் விடாது. அதற்காகச் செத்த கன்றின் தோலை உரித்து, உப்பும் மஞ்சளும் தேய்த்து உலர்த்தி, உள்ளே வைக்கோலை அடைத்துத் தைத்து, நாலு குச்சியைக் காலாக ஊன்றி மாட்டின் முன்னால் நிறுத்துவார்கள். மாடு அதை நக்கும், நக்க நக்கப் பால் இறங்கும், கறந்துகொள்ளலாம். துரை காலத்துத் தோல்கன்று ஒன்று இன்னும் பங்களாவின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. முப்பது வருஷத்தில் ரங்காத்தாள் அடைத்த கன்றுகளை வரிசையாக நிறுத்தினால் பண்ணை வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் போகும். வைக்கோலை எவ்வளவு இறுக்கினால் விலா விலாவாகத் தெரியும், கழுத்தில் எத்தனை கொத்து வைத்தால் தலை நிற்கும் என்பதெல்லாம் அவள் விரலுக்குத் தெரியும், அந்த விரல்தான் அன்றைக்கு மகளின் முழங்கையைப் பிடித்தது. பிடித்தது, விடவில்லை.

ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும் மகளைக் கையைப் பிடித்து லைன் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். அன்றிலிருந்து எட்டு மாதம் தினமும் சாயங்காலம் அவளை வெளிச்சத்தில் உட்காரவைத்து, பார்வையாளர்கள் உருவியதையும் மாடு கடித்ததையும் பார்த்து, புது வைக்கோல் திணித்து, கோணி தைக்கிற ஊசியால் கைமடிப்பைத் தைத்தாள். பூச்சி விழாமல் இருக்க அக்குளில் வேப்பிலை சொருகினாள். "இன்னைக்கு என்ன, கூட்டம் ஜாஸ்தியா?" என்று கேட்பாள். "இங்கே நீங்கள் காண்பது ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்பதில் வாங்கப்பட்ட வெண்ணெய் கடையும் இயந்திரம்" என்று கோகிலவாணி சொல்வாள். அவளுக்கு அந்த வசனங்கள் மட்டும்தான் தெரியும். "சரி சாமி" என்று சொல்லி ரங்காத்தாள் நூலைப் பல்லால் கடித்து அறுப்பாள். குரல் மகளின் குரலாக இருந்தது, அது போதும் என்று இருந்தது, சில நாட்களில் அது மிச்சமாகவே இருந்தது. தன் கேள்வியை அவள் கேட்பதை நிறுத்திப் பல நாட்கள் ஆகியிருந்தன.

ஆனால் எழுதிப்போட்ட மனு நிற்காமல் நடந்துகொண்டுதான் இருந்தது. மேசை மேசையாக நடந்து, தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை விசாரணை அதிகாரி நேரில் வருகிறார் என்ற கடிதமாகப் பண்ணைக்கு வந்து சேர்ந்தது.

மேனேஜர் தனசேகர் அந்த வியாழக்கிழமை காலை கொட்டகைக்கே வந்து, சாணியை மிதிக்காமல் ஒரு கல்லின் மேல் நின்றுகொண்டு, ரங்காத்தாளிடம் பேசினார். குரலில் கோபமே இல்லை.

"அதிகாரியம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாங்க, இது உங்க மகதானான்னு. ஆமான்னு சொன்னீங்கன்னா முடிஞ்சுது, கோகிலா பாட்டுக்கு வந்துட்டுப் போயிட்டு இருப்பா, உங்களுக்கும் ஒரு தொணை."

"இல்லைன்னு சொன்னா?"

"சொல்லலாம், யாரு தடுக்கறாங்க. ஆனா யாருன்னே தெரியாத ஒண்ண நான் பண்ணைக்குள்ள விடமுடியாதுங்களே. அப்பறம் அது வெறும் வக்கப்புல்லுதான். மாட்டுக்குப் போடவேண்டியது." கல்லிலிருந்து இறங்குவதற்கு முன்னால் அவர் சேர்த்துச் சொன்னார்: "உங்க இஷ்டம்தாம்மா."

அதே நாளில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பஸ்ஸும் வந்தது, சமூகவியல் படிக்கிற நாற்பது பேர், ஒரு பேராசிரியர், ஒரு நாள் சுற்றுலா. மேனேஜருக்கு இது நல்லதாகவே பட்டது. வேலை செய்கிற கோகிலவாணியை அதிகாரி கண்ணாலேயே பார்க்கட்டும் என்று கூட்டத்தை அவளிடம் ஒப்படைத்தார். பங்களாவும் பால்வண்டியும் முடிந்து பதினொரு மணிக்கு மஞ்சள் கொடி கொட்டகைக்குள் வந்தது. கோகிலவாணி சுண்ணாம்புக் கோட்டின் மேல் நின்று, "இப்போது பாரம்பரிய முறையில் கைக்கறவை செய்து காட்டப்படும்" என்றாள்.

ரங்காத்தாள் குந்தி உட்கார்ந்தாள். முன்னால் நின்றது மயிலை மாடு, கன்று போய்ப் பத்து நாள். அதன் மூக்குக்கு நேரே அவள் கட்டிய தோல்கன்று. மாடு நக்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். நிலோஃபர் என்ற ஒரு பெண் மட்டும் போனைப் பையில் போட்டுவிட்டு, கோட்டைத் தாண்டி வந்து, மாட்டின் முகத்துக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஏன்க்கா, கன்னு செத்துப்போனது இதுக்குத் தெரியாதா?"

"தெரியும் அம்மிணி."

"தெரிஞ்சுமா நக்குது?"

"மோந்த ஒடனே தெரிஞ்சுக்கும். மொத நாளு தலைய ஒதறும், காலால எத்தும். ரெண்டா நாளும் அப்படித்தான். மூணா நாளு நக்கும்."

"அப்ப நீங்க ஏமாத்தறீங்க."

"ஏமாந்தாத்தான அம்மிணி ஏமாத்தறது."

பின்னாலிருந்து ஒரு பையன், "ஆரம்பிச்சுட்டா, இனி மாட்டுக்கும் சேத்து வழக்குப் போடாம வரமாட்டா" என்றான், நாலைந்து பேர் சிரித்தார்கள். பேராசிரியர், "நிலோஃபர், அங்க மோர் குடுக்கறாங்க" என்றார்.

"மோர் எங்கயும் ஓடிடாது சார்." அவள் திரும்பவில்லை. "ஏமாறலைன்னா அப்புறம் எதுக்குப் பால் விடுது?"

ரங்காத்தாள் காம்பை நனைத்துக்கொண்டே, நூறு தடவை சொன்ன பதிலைச் சொல்கிறவள் மாதிரி, ஆனால் அதுவரை யாருக்கும் சொல்லாத பதிலைச் சொன்னாள். "மடி வலிக்குமல்லொ."

சொல்லிவிட்டுக் கறக்க ஆரம்பித்தாள். மாடு தோலின் நெற்றியை நக்கிக்கொண்டே இருந்தது. ஐந்து நாள் நக்கியதில் அந்த இடத்தில் மயிர் உதிர்ந்து வழுக்கை விழுந்திருந்தது.

"காளைக்கன்னா?" என்று நிலோஃபர் கேட்டாள்.

"காளைதான்."

"காளைக்கன்னுக்குப் பால் விடுவீங்களா?"

"விடுவோம். ரெண்டு நாளைக்கு."

"அப்ப எதுல செத்துது?"

"கழிச்சல்ல போச்சு."

"கழிச்சல்னு யார் சொன்னாங்க?"

"பண்ணையில சொன்னாங்க" என்றாள் ரங்காத்தாள். சொல்லும்போதே அவள் கை காம்பிலேயே நின்றுவிட்டது. செம்பில் விழுந்துகொண்டிருந்த பாலின் சத்தமும் நின்றது. அவள் நிமிர்ந்து அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை, கோட்டின் மேல் நின்ற மகளைப் பார்த்தாள். மகள் கொடியை உயர்த்தி, "அடுத்ததாகக் குழியைக் காண்போம்" என்றாள்.

அதிகாரி வந்தபோது கூட்டம் குழியை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. ஐம்பது வயது தாண்டிய பெண்மணி, கால் வீங்கியிருந்தது, கையில் ஒரு காகித உறையும் தண்ணீர் பாட்டிலும். மேனேஜர் அவரை நிழலில் உட்காரச் சொன்னார். சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் இடத்தை முதலில் பார்க்கிறேன் என்று அவர் நடந்தார். மனு கொடுத்தவளும் கூட வரட்டும் என்றார். அப்படித்தான் ரங்காத்தாள் எட்டு மாதத்தில் முதல்முறையாகக் குழியின் பக்கம் போனாள். அதுவரை தண்ணீர் எடுக்கக்கூட அந்தப் பக்கமாகப் போகாமல் கொட்டகையைச் சுற்றித்தான் போய்வந்தாள். அதனால் மகள் அங்கே நின்று என்ன சொல்கிறாள் என்பது அவளுக்குத் தெரியாது.

குழியைச் சுற்றிப் பிள்ளைகள் நின்றார்கள். பதினோரு பேரில் ஏழு பேர் அன்றைக்கு அங்கே வேலையாக இருந்தார்கள். குழந்தைசாமி தட்டு நறுக்கிக்கொண்டிருந்தான், பழனாத்தாள் கூடையோடு நின்றாள். கோகிலவாணி கல்விளிம்பில் ஏறி நின்று, ஒரு கையைக் குழியை நோக்கி நீட்டினாள்.

"இது ஊறுகாய்ப்புல் குழி. இருபத்துநான்கு அடி ஆழமும் பதினோரு அடி அகலமும் கொண்டது. நூற்று முப்பது ஆண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ள இந்தக் குழியில் இன்றுவரை எந்த விபத்தும் நேர்ந்ததில்லை. இதற்குள் யாரும் இறங்கியதில்லை. நீங்கள் விரும்பினால் உள்ளே குரல் கொடுத்து எதிரொலியைக் கேட்கலாம்."

பிள்ளைகள் கூவினார்கள். குழி கூவியது. ரங்காத்தாள் அந்த இடத்திலேயே நின்றாள்.

மகளின் வசனம் முழுவதும் அவளுக்கு மனப்பாடம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கோகிலவாணி அதைக் கொட்டகையில் மாடுகளிடம் சொல்லிச் சொல்லித்தான் பழகினாள், வெண்ணெய் இயந்திரத்தின் வருஷத்தைத் தப்பாகச் சொன்னால் ரங்காத்தாளே திருத்துவாள். அந்த வசனத்தில் விபத்து என்ற வார்த்தை இல்லை. யாரும் இறங்கியதில்லை என்ற வார்த்தை இல்லை. உயிரோடு இருந்த மகளுக்குத் தெரியாத இரண்டு வாக்கியங்கள், அவள் செத்த பிறகு எழுதப்பட்டவை, அவளுடைய உதட்டால், அவளுடைய குரலால், அவள் செத்த விளிம்பிலேயே நின்று சொல்லப்பட்டன. எட்டு மாதமாகத் தினமும் நாலு தடவை சொல்லப்பட்டிருக்கின்றன. சொன்ன வாயைச் சாயங்காலந்தோறும் வைக்கோல் குறையாமல் பார்த்துக்கொண்டது அவள்தான். குழந்தைசாமி நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கத்தியின் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பழனாத்தாள் கூடையைத் தலையிலிருந்து இறக்கவே இல்லை.

நிலோஃபர் கூவவில்லை. அவள் கோகிலவாணிக்குக் கீழே நின்று, "யாருமே எறங்காம எப்படித் தட்டை மிதிச்சீங்க?" என்று கேட்டாள்.

"செங்கரட்டுப் பண்ணை உங்களை அன்புடன் வரவேற்கிறது" என்றாள் கோகிலவாணி.

"நான் கேட்டது அது இல்லீங்க."

"தயவுசெய்து கறவை மாடுகளின் பின்புறம் நிற்க வேண்டாம்."

மேனேஜர் சிரித்துக்கொண்டே குறுக்கே வந்தார். "புள்ளைங்க கேள்வி கேக்கறது நல்லதுதான். மேடம், நீங்க பாத்துட்டீங்க. ஒரு நாள் லீவு இல்லை, இதோ இங்க நின்னு வேலை பாக்கறா. செத்துட்டான்னு மனு." அவர் கையை விரித்தார். "நான் என்ன சொல்றதுங்க."

அதிகாரி கோகிலவாணியை மேலும் கீழுமாகப் பார்த்தார். அவருக்கு இந்த வேலையில் இருபத்தெட்டு வருஷம், எத்தனையோ விதமான ஆட்களைப் பார்த்திருந்தார். காகித உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து, கல்விளிம்பில் வைத்து, பேனாவைத் திறந்தார். காற்று அடித்தது. கோகிலவாணியின் கைமடிப்பிலிருந்து இரண்டு வைக்கோல் நழுவிக் குழிக்குள் விழுந்தது. பழக்கத்தில் ரங்காத்தாளின் கை அதைப் பிடிக்க நீண்டது. நீண்ட கையை அவள் மடக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

இல்லை என்று சொன்னால் இன்றைக்குச் சாயங்காலம் வீடு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். குத்துக்காலிட்டு உட்காருகிற மூலை காலியாக இருக்கும், வெண்ணெய் இயந்திரத்தின் வருஷத்தைச் சொல்ல ஆளிருக்காது, அந்தத் தழும்பை இனி எங்கேயும் தொட்டுப் பார்க்க முடியாது. ஒரு பிள்ளைக்கு இரண்டு தடவை அழ வேண்டியிருக்கும், இந்தத் தடவை லைன் வீட்டுக்காரர்கள் யாரும் கூட உட்கார்ந்து அழ வரமாட்டார்கள். ஆமா என்று சொன்னால் எதுவும் மாறாது. மகள் நாளைக்கும் வருவாள், நாளைக்கும் இந்த விளிம்பில் ஏறி நின்று, தான் இதற்குள் இறங்கவே இல்லை என்று ஊருக்குச் சொல்வாள்.

"ரங்காத்தாள்தானே நீங்க?" என்றார் அதிகாரி. "பயப்படாம சொல்லுங்க. இது உங்க மக கோகிலவாணிதானா?"

ரங்காத்தாள் மகளின் முகத்தை ஒரு தடவை, நிதானமாக, நெற்றியிலிருந்து முகவாய்க்கட்டை வரைக்கும் பார்த்து முடித்தாள். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பினாள்.

"இல்லீங்கம்மா. எம்பட மக அன்னைக்கு வேலைக்கு வந்தா, வந்து இந்தக் குழிக்குள்ள செத்தா. இது, நான் தொடந்து கறக்கோணும்னு இவிங்க எனக்கு வெச்ச கன்னு."